நீ துப்பியதை உங்கம்மா நம்பவில்லை

என் குணா மச்சான்,

போன ஞாயிறு ஆயர் தாவாருக்குப் போய் உங்கம்மாவைப் பார்த்தேன். உன் படம் இன்னும் சுவரில் ஏறவில்லை. அலமாரிக்குப் பின்னால் முகம் திருப்பி நிற்கிறது. "குடிச்சுச் செத்தவனுக்கு என் வீட்டுச் செவுத்துல எடமில்ல" என்கிறார். எஸ்டேட்டில் உங்கப்பா சம்சுச் சாராயம் குடித்துச் செத்த நாளிலிருந்து அதுதான் அவர் சட்டமாம்.

மத்தியான வேலை முடிந்து நீ வீட்டுக்கு வந்த சாலையில், செம்பனைக்குலை ஏற்றிய லோரி உன்னை மோதியது. உன் ரத்தத்தில் மது இல்லை என்று போலீசே சொல்லிவிட்டது. ஆனால் ஆஸ்பத்திரியில் கொடுத்த உன் வெள்ளைச் சட்டையை அவர் மோந்து பார்த்திருக்கிறார். துப்பும்போது நெஞ்சில் தெறித்த சிவப்பு ஒயின். "சட்ட பொய் சொல்லுமாப்பா?" என்று கேட்கிறார்.

ஈப்போ உணவகத்தில் ஒயினை ருசி பார்த்துத் துப்புவது நம் வேலை என்பதை அவருக்கு எப்படிப் புரிய வைப்பது? "இளசு ஒயினு வாய்க்குள்ள சண்ட போடுது மச்சான், பல்லு ஈற புடிச்சு இழுக்குது. பழசு உக்காந்து பேசுது லா" என்பாய். ஒரு பழைய போத்தலில், மழை பெய்த மறுநாள் ரப்பர் காட்டுச் சருகு வாசம் வருகிறது என்றாய். மேனேஜர் சிரித்தான். வாடிக்கையாளரிடம் பிளாக்பெர்ரிப் பழ வாசம் என்று சொல்லச் சொன்னான். நீ பிளாக்பெர்ரியைக் கண்ணால்கூடப் பார்த்ததில்லை.

முழுப் போத்தலையும் காலி செய்துவிட்டுத் தள்ளாடிப் போய்ப் பெரிய கார் ஓட்டுகிறவர்கள் ரசிகர்கள். துப்பிய நீ குடிகாரன். உன் சொந்தக்காரர்களே சொல்கிறார்கள், "தோட்டத்துப் பய, தண்ணி போடாமலா இருப்பான்?" யாரைப் போய் அடிப்பது, மச்சான்?

அதனால்தான் ஓர் இளம் போத்தல் வாங்கினேன். உணவக மேசையில் மிஞ்சிய பழைய ஒயினையும் கொஞ்சம் எடுத்துப் போனேன். உங்கள் வீட்டுக் குசினியில் அடுப்புப் பக்கம் வாளியை வைத்து, "பாருங்க அத்தே, இதான் எங்க வேல" என்றேன். இளசை வாயில் உருட்டித் துப்பினேன்.

அவர் வாளியை எட்டிப் பார்த்தார். "இம்புட்டையும் துப்பிடுவீங்களா? கிறுக்கனுங்களா!" சிரித்தேவிட்டார். இன்றைக்கே படம் ஏறிவிடும் என்று நினைத்தேன்.

பழசை வாயில் வைத்திருந்தபோது மெதுவாகக் கேட்டார். "கடைசியா உங்கிட்ட என்னப்பா பேசுனான்?"

"அம்மாவுக்கு மீன் வாங்கிட்டுப் போறேன்னான், அத்தே."

சொன்ன பிறகுதான் தெரிந்தது, என் வாயில் ஒன்றும் இல்லை.

அவரும் பார்த்துவிட்டார். "முழுங்கிட்டியே. அவனும் இப்படித்தான்." எழுந்து வாளியைக் கழுவப் போய்விட்டார்.

இப்போது வேலையில் எனக்கு எல்லா ஒயினும் ஒரே துவர்ப்பு. எது இளசு, எது பழசு என்று தெரியவில்லை. வேலை போனால் போகட்டும். உன்னைக் குடிகாரனாக்கியது கடைசியில் நான்தானா, மச்சான்?

அடுத்த ஞாயிறும் போவேன். படம் ஏறும்வரை போவேன். அவர் உன்னைப் பற்றி என்ன கேட்டாலும், கேட்டு அழுதாலும், துப்பிய பிறகுதான் பதில் சொல்வேன்.

பெண் கொடுத்து எடுக்காமலே உனக்கு மச்சானான
தேவா