நீங்கள் கடைந்து தந்த கால்

அக்கா,

பக்கத்து வீட்டுக்காரர் தபால் ஆபீசிலிருந்து ஓய்வு பெற்றதும் மோட்டார் காடி நிறுத்துகிற கொட்டகையில் ஒரு கடைசல் இயந்திரம் வாங்கிப் போட்டிருக்கிறார். மின்சாரத்தில் ஓடுவது. காலையில் பசியாறிவிட்டு உட்கார்ந்தாரென்றால் மத்தியானம்வரை கிண்ணம், விளக்குத் தண்டு என்று எதையாவது கடைந்துகொண்டிருப்பார். இன்று காற்று எங்கள் பக்கம் அடித்தது. மரச்சீவல் சுருள் சுருளாக வேலி தாண்டி வந்து என் துணிக்கொடியின் கீழே விழுந்தது. ஒரு பிடி அள்ளி முகர்ந்தேன். லேசான கசப்பு. என்ன மரம் என்று எனக்கு யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. துணி வாளியை அப்படியே வைத்துவிட்டுப் படியில் உட்கார்ந்துவிட்டேன்.

நீங்கள் போய்ச் சேர்ந்த பிறகும் உங்களோடு பேசிக்கொண்டுதான் இருக்கிறேன். எழுதுவது இதுதான் முதல் தடவை. தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் படித்த எழுத்து, கோணலாகத்தான் வரும்.

குருண் ஊருக்கு உள்ளே தள்ளியிருந்த அந்த ரப்பர்த் தோட்டத்தில் உங்களை எல்லோருக்கும் தெரியும். துரை பங்களாவில் வீடு கூட்டுகிற வேலை உங்களுக்கு. புருஷனைக் காய்ச்சலில் பறிகொடுத்துவிட்டு கூலிக்காரர் லயத்தின் கடைசி வீட்டில் தனியாக இருந்தீர்கள். துரைக்குப் பொழுதுபோக்கே மரம் கடைவதுதான். பங்களாவின் பின்னறையில் காலால் மிதித்து ஓட்டுகிற இயந்திரம் ஒன்று வைத்திருந்தார். அவர் உதிர்த்த சீவலைக் கூட்டி அள்ளுவது உங்கள் வேலை. அவர் லீவில் சீமைக்குப் போகும்போதெல்லாம் அந்த இயந்திரம் சும்மா இருக்கவில்லை என்று பிற்பாடு என்னிடம் சொன்னீர்கள்.

"துரைக்குத் தெரியுமா அக்கா?"

"தெரியாமயா? உளி தேஞ்சிருக்கும்ல. ஒண்ணும் கேக்கல. அடுத்த தடவ லீவுக்குப் போறப்ப நாலஞ்சு மரக்கட்டையைக் கூடுதலா வெட்டி வச்சுட்டுப் போனாரு."

ஜப்பான்காரன் வடக்கே இறங்கிவிட்டான் என்று சேதி வந்ததும் துரை ராவோடு ராவாகக் கிளம்பிவிட்டார். மறுநாள் பங்களாவில் இருந்ததையெல்லாம் ஆளுக்கொன்றாகத் தூக்கிக்கொண்டார்கள். அரிசி மூட்டை, கம்பளி, நாற்காலி. நீங்கள் மட்டும் கடைசல் இயந்திரத்தைக் கழற்றித் தள்ளுவண்டியில் ஏற்றிவந்தீர்கள். எங்கள் லயமே சிரித்தது. "அரிசிய விட்டுட்டு இரும்ப இழுத்துட்டு வராளே!" நானும் சிரித்தேன். அப்போது எனக்கு இரண்டு காலும் இருந்தன.

பிறகு சிரிப்பதற்கு ஒன்றுமில்லாமல் போயிற்று. பால்மரம் வெட்டிப் பாலெடுக்கிற வேலை நின்றது. அரிசி கண்ணில் படவில்லை. மரவள்ளிக்கிழங்கைத் தின்றே நாள் ஓட்டினோம். சயாமில் ரயில் பாதை போட ஆள் பிடித்தபோது என் வீட்டுக்காரரும் லாரியில் ஏற்றப்பட்டார். மகள் செல்வி அப்போது கைக்குழந்தை. ஊர் வயிறு காய்ந்து கிடக்க, உங்கள் வீட்டிலிருந்து மட்டும் தடக் தடக்கென்று மிதி சத்தம் கேட்கும். பம்பரம் கடைவீர்கள். மூடி போட்ட சின்னச் சின்ன டப்பி கடைவீர்கள். அதில் போட்டு வைக்க யாரிடமும் ஒன்றும் இல்லை.

"இதெல்லாம் எதுக்குக்கா?" என்று கேட்டேன்.

"சும்மாதான். ஒருநாளைக்கு ஒண்ணாவது நா நெனச்ச மாதிரி வரட்டுமே" என்றீர்கள்.

கிழங்கு நடும்போது மண்வெட்டி என் கணுக்காலுக்கு மேலே லேசாகக் கீறியது. சாப்பாடு சரியாக இருந்திருந்தால் தானாக ஆறியிருக்கும். அந்தக் காலத்தில் எந்தப் புண்ணும் ஆறவில்லை. அழுகிக்கொண்டே மேலே ஏறியது. தோட்டத்தில் மருந்து கட்டுகிற டிரசரிடம் மருந்து தீர்ந்துபோயிருந்தது. மாட்டுவண்டியில் பட்டணத்து ஆஸ்பத்திரிக்கு என்னை ஏற்றிப்போனது நீங்கள்தான். முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள்.

திரும்பி வந்த என்னை உங்கள் வீட்டிலேயே வைத்துக்கொண்டீர்கள். பார்க்க வந்தவர்கள் எல்லாரும் "எல்லாம் சரியாயிடும்" என்றார்கள். நீங்கள் அப்படி ஒருநாளும் சொன்னதில்லை. ஒரு நூலை எடுத்துக்கொண்டு வந்து என் தொடையையும் முழங்காலையும் சுற்றி அளந்தீர்கள். "என்னக்கா பண்றீங்க?" என்றதற்கு, "கால் செய்யப் போறேன்" என்றீர்கள், தோசை சுடப் போகிறேன் என்பதுபோல.

முதல் கால் பலாக்கட்டையில் செய்தது. பார்க்க அழகாக இருந்தது. கட்டிலின் காலைப்போல வளையம் வளையமாகக்கூடக் கடைந்திருந்தீர்கள். மாட்டிக்கொண்டு எழுந்தேன். இரண்டாவது அடியில் பாரம் தாங்காமல் விழுந்தேன். வெட்டின இடத்தில் ரத்தம் வந்தது. வலியைவிட ஆத்திரம்தான் அதிகம். கழற்றி அடுப்பில் போட்டேன். நீங்கள் ஓடிவந்து எடுப்பீர்கள் என்று நினைத்தேன். எடுக்கவில்லை.

"எரியட்டும். எனக்கும் புடிக்கல அது. ரொம்பக் கனம்." கிழங்குச் சட்டியை அந்த நெருப்பிலேயே ஏற்றினீர்கள். அன்றைக்கு நாம் என் காலில் வெந்த கிழங்கைத்தான் தின்றோம். நினைத்தால் இப்போது சிரிப்பு வருகிறது. அன்று சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டேன். இனிமேல் கால் பேச்சே எடுக்காதீர்கள் என்றேன். நீங்களும் எடுக்கவில்லை.

செல்வி நடக்கத் தொடங்கியிருந்த சமயம் அது. ஒரு காலையில் நீங்கள் கீரை பறிக்கப் போயிருந்தீர்கள். குழந்தை வாசலில் விளையாடிக்கொண்டிருந்தவள், தத்தித் தத்திக் கிணற்றுப் பக்கம் போனாள். அந்தக் கிணற்றுக்குச் சுவர் கிடையாது. கூப்பிட்டேன். விளையாட்டு என்று நினைத்துச் சிரித்துக்கொண்டே இன்னும் வேகமாகப் போனாள். கையை ஊன்றி மண்ணில் தவழ்ந்தேன். தொண்டை கிழியக் கத்தினேன். நான் பாதி தூரம்கூடப் போகவில்லை. எங்கிருந்தோ நீங்கள் வந்து அவளைக் கிணற்று விளிம்பில் அள்ளி எடுத்தீர்கள். கீரையெல்லாம் வழி நெடுகச் சிதறிக் கிடந்தது.

என்னைத் தூக்கி உட்காரவைத்து முகத்தில் இருந்த மண்ணைத் துடைத்தீர்கள். இரண்டு பேருக்கும் மூச்சு வாங்கியது. நான்தான் முதலில் பேசினேன்.

"அக்கா, இன்னொரு கால் செஞ்சு குடுங்க."

யான் என்கிற ஊர்ப் பக்கத்தில் வயல் வைத்திருந்த மலாய்க்காரர் பாக் மாட் உங்களிடம் பம்பரம் வாங்க வருவார். அறுவடை முடிந்தால் அவர்கள் கம்பத்து ஊரில் ஆண்கள் பம்பரம் விடுவார்கள். உங்கள் பம்பரம் சுற்றியபடியே நெடுநேரம் ஆடாமல் தூங்கும் என்று அவருக்கு அத்தனை பிரியம். அவர்தான் அந்த மரத்தைக் கொண்டுவந்து போட்டார். "காயு புலாய். ரிங்ஙான் லா, அக்கா. லேசு. தங்கச்சி நடக்க முடியும்" என்று தனக்குத் தெரிந்த தமிழில் சொன்னார். அடிமுனைக்குக் கெட்டியான வேறு மரம். மேலே என் கால் உட்காரும் குழிக்கு லேசாகக் கசப்பு வாடை அடிக்கிற அந்தப் புலாய் மரம்.

குழிதான் உங்களைப் படுத்திவிட்டது. இயந்திரம் வட்டமாகத்தான் குடையும். என் கால் வட்டமாக இல்லை. அதற்கு ஒரு வழி கண்டுபிடித்தீர்கள். என் காலில் துணி சுற்றி, துணியில் அடுப்புக்கரியைத் தடவி, குழிக்குள் இறக்கி எடுப்பீர்கள். எங்கே கருப்பு ஒட்டியிருக்கிறதோ அங்கே அழுத்துகிறது என்று அர்த்தம். அந்த இடத்தை மட்டும் சின்ன உளியால் சுரண்டுவீர்கள். மறுபடி கரி, மறுபடி சுரண்டல். பிறகு கண்ணை மூடிக்கொண்டு உள்ளங்கையால் குழியைத் தடவிப் பார்ப்பீர்கள்.

வேலை பாதியில் இருக்கும்போதுதான் தோட்டத்துக் கணக்கெழுதுகிற கிராணி வந்து சொன்னார். தோட்டத்தில் இருக்கிற இயந்திரம் எல்லாவற்றையும் ஜப்பான்காரன் எடுத்துப்போகிறான், லாரி இந்த வாரத்துக்குள் வரும், உங்களுடையதும் கணக்கில் இருக்கிறது என்று. சேதி எப்படியோ பாக் மாட்டுக்கும் எட்டி, மறுநாளே மாட்டுவண்டியோடு வந்துவிட்டார். கழற்றி வைக்கோலுக்கு அடியில் போட்டு யானுக்குக் கொண்டுபோய் மறைத்துவிடலாம், இப்போதே கிளம்பினால்தான் முடியும் என்றார்.

நான் சொன்னேன், "குடுத்து அனுப்பிடுங்கக்கா. கால் அப்புறம் பாத்துக்கலாம்."

நீங்கள் வண்டியைப் பார்த்தீர்கள். இயந்திரத்தின்மேல் கையை வைத்தீர்கள். உங்களிடம் அந்த இயந்திரத்தைத் தவிர வேறென்ன இருந்தது அக்கா? வாசலில் செல்வி ஒரு பம்பரத்தை வாயில் வைத்துக் கடித்துக்கொண்டிருந்தாள்.

"அப்புறம்னா எப்ப? கால் காத்திருக்கும். இவ காத்திருப்பாளா?" என்றீர்கள். பிறகு பாக் மாட்டிடம், "தெரிமா காசி, பாக். வண்டி வேணாம்" என்று அவர் பாஷையில் நன்றி சொல்லிவிட்டு மிதியில் காலை வைத்தீர்கள். அவர் வெகுநேரம் வாசலில் நின்றிருந்துவிட்டு வெறும் வண்டியை ஓட்டிக்கொண்டு போனார்.

அடிமுனைக்கு நம் தோட்டத்து மரப்பாலையே உறையவைத்துத் தட்டி ஒட்டினீர்கள், வழுக்காமல் இருக்க. குழிக்குள் இலவம்பஞ்சு. துரை விட்டுப்போன தோல் பெல்ட்டில் வார். லாரி வந்த காலையில் நான் உங்கள் தோளைப் பிடித்துக்கொண்டு வாசல்வரை நடந்தேன். வாசலில் நீங்கள் தோளை விலக்கிக்கொண்டீர்கள். நான் நின்றேன்.

சிப்பாய்கள் இயந்திரத்தைத் தூக்கிப்போய் லாரியில் ஏற்றினார்கள். அதில் ஒருவன், மீசைகூடச் சரியாக முளைக்காதவன், என் காலைப் பார்த்துவிட்டு அருகில் வந்தான். லயமே மூச்சை அடக்கியது. அவன் குனிந்து விரல் முட்டியால் மரத்தை இரண்டு தட்டுத் தட்டினான். உங்களைப் பார்த்து என்னவோ சொன்னான்.

"என்ன சொல்றான்?" என்று கிராணியைக் கேட்டீர்கள்.

"நல்ல வேலைன்னு சொல்றான்மா."

"அப்ப மெஷின வச்சுட்டுப் போகச் சொல்லுங்க."

கிராணி தரையைப் பார்த்தார். லாரி போய்விட்டது. நீங்கள் உள்ளே வந்து, இயந்திரம் நின்ற இடத்தில் கடைசிச் சீவலைக் கூட்டி அள்ளினீர்கள். "எடம் நெறைய இருக்கு இப்ப. புள்ள ஓடி வெளையாடட்டும்" என்றீர்கள். நான் அழுதேன். நீங்கள் அழவில்லை. ஆனால் அதற்குப் பிறகு பல நாள், உலக்கை, அகப்பை, கதவு நிலை என்று உருண்டையாக எது கையில் பட்டாலும் உங்கள் உள்ளங்கை அதைத் தடவிக்கொண்டே நிற்கும். உங்களுக்கே தெரியாது.

சண்டை முடிந்து சயாமிலிருந்து திரும்பியவர்களில் என் வீட்டுக்காரர் இல்லை. கூடப் போன ஒருவர் வந்து, காய்ச்சலில் போய்விட்டார் என்று சொன்னார். அந்தக் காலைக் கட்டிக்கொண்டுதான் நான் திரும்பப் பால்மரம் வெட்டப் போனேன். மேட்டு மர நிரையில் ஏறினேன். செல்வியைப் பள்ளிக்கூடம் அனுப்பினேன். கால் தேய்ந்தபோது நீங்கள் கையுளியாலேயே இன்னொன்று செதுக்கினீர்கள். இயந்திரம் இல்லாமல் அது கொஞ்சம் கோணல். "கோணல் கால்காரி" என்று நீங்களே கேலி செய்வீர்கள். கடைசிவரை இன்னொரு இயந்திரம் உங்களுக்கு வாய்க்கவில்லை. செல்விக்கு வேலை கிடைத்து வாங்கித் தருகிறேன் என்று சொன்ன வருஷம் உங்கள் கண் மங்கிவிட்டது. அந்த ஒரு குறை எனக்கு ஆறவே இல்லை.

போன மாதம் ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தேன். இப்போதெல்லாம் அவர்கள் தருகிற லேசான கால்தான். அதன் வாரை மாற்ற வேண்டியிருந்தது. பக்கத்து வார்டில் குருண் பேக்டரியில் வேலை செய்கிற ஒருத்தி. இனிப்பு நீர் வியாதியில் காலை எடுத்திருக்கிறார்கள். சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள். "அம்மா யார்கிட்டயும் பேச மாட்டேங்கிறாங்க" என்றாள் அவள் மகள்.

எனக்கு மரம் கடையத் தெரியாது அக்கா. ஆறுதல் சொல்லவும் வராது; உங்களிடம் அதைக் கேட்டு நான் வளரவில்லை. கட்டிலில் அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். சேலையை முழங்காலுக்குத் தூக்கி, காலைக் கழற்றி அவள் கைக்கு எட்டுகிற இடத்தில் வைத்தேன். வெகுநேரம் கழித்துத் திரும்பினாள். காலைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"வலிக்குமாம்மா?"

"மொதல்ல ரொம்ப வலிக்கும்."

"அப்புறம்?"

"அப்புறம் பாசாருக்குப் போலாம். மீன் பேரம் பேசலாம். புள்ளைங்க பின்னால ஓடலாம்."

அவள் கையை நீட்டி என் காலை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, வார் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று பார்க்க ஆரம்பித்தாள்.