கண்மாய் உடைந்த பக்கத்தில் ஒரு வரி

ஒத்தக்கடை,
ஞாயிறு மாலை

அன்பு மகள் ஆஷ்லினுக்கு,

கர்த்தருடைய கிருபையால் நானும் அப்பாவும் சுகம். நீயும் மருமகனும் அந்தக் குளிரில் சுகமாக இருக்கத் தினமும் ஜெபிக்கிறோம். அப்பாவுக்குச் சர்க்கரை குறைந்திருக்கிறது, எனக்குத்தான் ஒரு மாதமாகக் கோபம் ஏறிக்கிடக்கிறது, போனில் சொன்னால் பாதியிலேயே கத்திவிடுவேன் என்றுதான் எழுதுகிறேன்.

எங்கள் பள்ளியில் சத்துணவு சமைத்த சோலையம்மாளை உனக்கு நினைவிருக்கும், வாடிப்பட்டிப் பக்கத்துக்காரி. அவளுடைய அப்பா விருமாண்டி அந்த ஊர்க் கண்மாயில் மடை திறந்து அடைக்கும் வேலை பார்த்தவர். நாற்பத்தைந்து வருடத்துக்கு முன்னால் அடைமழையில் கரை உடைந்து ஏழு பேர் செத்துப்போனார்கள். இப்போது அவள் மகள் தமிழ்ச்செல்வி இங்கே கல்லூரியில் படிக்கிறாள். சொந்த ஊரைப் பற்றிப் பேசச் சொன்னார்கள் என்று, யார் வேண்டுமானாலும் எழுதித் திருத்தலாமே அந்த இணையக் கலைக்களஞ்சியம், அதில் ஊர்ப் பக்கத்தைத் திறந்து வகுப்பில் சத்தமாக வாசித்திருக்கிறாள். மடைக்காரர் விருமாண்டி குடித்துவிட்டு மடையைத் திறக்காததால் கரை உடைந்தது என்று அதில் ஒரு வரி. பாதி வாசித்ததும் நிறுத்திவிட்டு உட்கார்ந்துவிட்டாளாம். ரெண்டு நாள் கல்லூரிக்கே போகவில்லை. சோலையம்மாள் என்னிடம் வந்து, "டீச்சர், எங்கய்யா கள்ளுக்கடைப் பக்கம்கூடப் போனதில்ல, அம்புட்டுப் பேரும் பாக்குற எடத்துல இப்பிடிப் போட்ருக்காங்களே" என்று அழுதாள்.

உடனே அந்த வரியை அழித்தேன். ஒரு மணி நேரத்தில் திரும்பி வந்துவிட்டது. 'கம்மாக்கரையான்' என்ற பெயரில் ஒருவர் கோயில் கும்பாபிஷேக மலரைச் சான்றாகக் காட்டி மறுபடி சேர்த்திருந்தார். நான் அழிக்க, அவர் சேர்க்க, நாலாவது தடவை அந்தத் தளத்து நிர்வாகி என் கணக்கை ரெண்டு நாளைக்குப் பூட்டிவிட்டு, சண்டை போடாமல் உரையாடல் பக்கத்தில் பேசுங்கள் என்றார். முப்பத்தோரு வருடம் வரலாறு நடத்தியவளுக்கு எப்படி இருக்கும் சொல். பூட்டுத் திறந்ததும், சோலையம்மாள் பத்திரமாக வைத்திருந்த மனு நகல்களைப் படம் எடுத்துப் போட்டேன். மடையின் இரும்பு ஷட்டர் துருவேறி இறுகிக் கிடக்கிறது, தூக்க முடியவில்லை என்று அவள் அப்பா ரெண்டு தடவை எழுதிக் கொடுத்தது, ஆபீஸ் முத்திரையோடு. எங்கும் வெளியாகாத காகிதத்தை வாசகர்கள் சரிபார்க்க முடியாது, சான்றாகாது என்றார்கள். உன் அப்பா சும்மா இருப்பாரா, அதையே கட்டுரையாக்கிச் சபைப் பத்திரிகையில் போட்டார். அதைக் காட்டினேன். கட்டுரையாளர் உங்களுக்கு உறவா என்று நிர்வாகி கேட்டார். முகம் தெரியாத ஆள்தானே, இல்லை என்று சொல்லியிருக்கலாம். என் வீட்டுக்காரர் என்று எழுதினேன். அதுவும் போச்சு.

அந்தக் கடுப்பில், மலரில் எழுதியவர் யார் என்று மட்டும் ஏன் கேட்கவில்லை என்று நானும் கேட்டேன். மூன்று நாள் போயிற்று. பிறகு அந்தக் கம்மாக்கரையானே, "எழுதுனது நான்தான். ஊருல சொன்னதத்தான் எழுதுனேன், நான் அப்பப் பொறக்கவே இல்ல" என்று ஒத்துக்கொண்டார். ஆறு பேர் கூடி வாதாடி, ரெண்டு சான்றும் நம்பகமானதில்லை, ரெண்டும் போகட்டும் என்று முடித்துவிட்டார்கள். இப்போது அந்தப் பக்கத்தில், கரை உடைந்தது, ஏழு பேர் இறந்தனர், அவ்வளவுதான். ஏன் உடைந்தது என்று ஒரு எழுத்து இல்லை. பொய்யையும் மெய்யையும் ஒரே தராசில் வைத்து ரெண்டையும் கீழே கொட்டினால் அது என்ன நியாயம்? ஆனால் அவர்கள் கேட்டதில் தப்பும் சொல்ல முடியவில்லை, அதுதான் இன்னும் எரிச்சல்.

நேற்று வாடிப்பட்டி பஸ் ஏறிப் போய்ச் சோலையம்மாளிடம் செல்போனில் காட்டினேன். சந்தோஷப்படுவாள் என்று நினைத்தேன். மகளை வாசிக்கச் சொல்லி ரெண்டு தடவை கேட்டுவிட்டு, "குடிகாரன்னு போட்டத எடுத்துட்டாங்க, சரி. எங்கய்யா ரெண்டு தடவ எழுதிக் குடுத்தாருல்ல, அது எங்க டீச்சர்?" என்றாள். அவள் கொடுத்த காப்பியைக்கூடக் குடிக்க முடியாமல் எழுந்து வந்துவிட்டேன். செவ்வாய்க்கிழமை நூலகத்தில் பழைய பேப்பர்க் கட்டுகளைப் பார்க்கப் போகிறேன், அந்த வாரத்துச் செய்தியில் ஷட்டரைப் பற்றி ஒரு வரியாவது இல்லாமலா போகும்.

போனில் லேசாகச் சொன்னதற்கே, நீயும் உன் சிநேகிதிகளும் ஆளுக்கொரு கணக்குத் தொடங்கி என் பக்கம் பேசுகிறோம் என்றாயே, அதைச் செய்துவிடாதே. அதுவும் பொய்தான். காதுக்குத் துணி கட்டாமல் வெளியே போகாதே, மருமகனை வேளைக்குச் சாப்பிடச் சொல். உங்கள் போக்கையும் வரத்தையும் கர்த்தர் காப்பாராக.

உன் அம்மா
ஜோசபின்