நாலாவது சீட்டு

பேனா தேடி ஜாமெட்ரி பாக்ஸைத் திறந்தேன். அடியில் உன் ஐலெட்டுகள் கிடந்தன. ஷூவில் கயிறு கோர்க்கும் பித்தளை வளையங்கள். அம்மா வேலை பார்க்கும் ஷூ கம்பெனியில் நசுங்கிவிட்டதென்று கழித்துப் போட்டவை. இன்னும் தோல் வாசனை போகவில்லை. அப்பா புரண்டு படுக்கும்போதெல்லாம் நோட்டை மூடுகிறேன். அவர் குறட்டை கேட்டதும் மறுபடி திறந்து உனக்கு எழுதுகிறேன்.

உங்கள் மொட்டை மாடியில், தண்ணீர்த் தொட்டி நிழலில், நாம் இருவரும் போக்கர் ஆடுவோம். கையில் ஆளுக்கு இரண்டு சீட்டு. இருவருக்கும் பொதுவாகத் தரையில் முதலில் மூன்று சீட்டு, பிறகு நாலாவது, கடைசியில் ஐந்தாவது. ஒவ்வொரு முறையும் ஐலெட்டைப் பந்தயம் வைக்கலாம், அல்லது சும்மா இருக்கலாம். உங்கள் வீட்டில் சூது ஆகாது. அதனால் ஆட்டம் முடிந்ததும் ஜெயித்ததையெல்லாம் என் கையில் திருப்பிக் கொட்டிவிடுவாய். "குடுத்துட்டேன் பாரு. இப்ப இது சூதில்ல, கணக்குப் பாடம்."

எப்போதும் நீதான் ஜெயித்தாய். மூன்று சீட்டு விரிந்ததும் நான் வீராப்பாகப் பந்தயம் வைப்பேன். நீயும் அதே அளவு வைத்துவிட்டு, பேசாமல் என்னைப் பார்ப்பாய். அவ்வளவுதான். நாலாவது சீட்டு விழுந்ததும் என் கை தொடைக்கு அடியில் ஒளிந்துகொள்ளும்.

"இன்னா தோஸ்த், பேட்டரி போய்ட்டுதா?"

"சும்மா இருக்கேன். நீ ஆடு."

"நாலாவதுல சும்மா இருந்தா, எங்கிட்ட ஒண்ணும் இல்லன்னு நீயே கூவி சொல்ற மாதிரிடி. ஒரு தடவை வெச்சா யாரும் நம்ப மாட்டாங்க. ரெண்டாவது தடவையும் வெச்சாதான் எதிர்ல இருக்கறவங்க யோசிப்பாங்க."

"கையில ஒண்ணுமே இல்லன்னா?"

"அப்ப வெக்காத. அடுத்த சீட்டுல சேரக்கூடிய கைன்னா வெய்யி."

கடைசி நாள் உனக்குக் காய்ச்சல். ஆட முடியவில்லை. உன் பங்கு ஐலெட்டுகளை என்னிடம் கொடுத்து, "வெச்சிரு, நாளைக்கு ஆடலாம்" என்றாய். மறுநாள் உன்னை வேலூர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். நீ திரும்பவில்லை. பரீட்சை வரை வகுப்பில் உன் இடத்தில் என் பையை வைத்திருந்தேன், வேறு யாரும் உட்காராமலிருக்க.

பத்தாவது முடித்துவிட்டேன். அம்மாவோடு கம்பெனிக்குப் போகட்டும் என்று அப்பா முடிவு செய்துவிட்டார். இன்று சாப்பிடும்போது, "நான் ப்ளஸ் ஒன் சேர்றேன்பா" என்றேன். "பாக்கலாம்" என்றவர், உன்னைப் போலவே பேசாமல் என்னைப் பார்த்தார். என் கை தொடைக்கு அடியில் போய்விட்டது. சேர்க்கைப் படிவத்தில் அவர் கையெழுத்து வாங்க நாளைதான் கடைசி நாள்.

என்னுடையது வெறுங்கை இல்லை. கணக்கில் தொண்ணூற்றொன்று. தட்டு கழுவும்போது அம்மா என் காதருகே, "காலைல இன்னொரு தடவை கேளு. நானும் சொல்றேன்" என்றாள். சொல்வாளா? அது இன்னும் விழாத சீட்டு.

படிவத்தை அப்பாவின் டிபன் கேரியர் அருகே வைத்திருக்கிறேன். மின்விசிறிக் காற்றில் பறக்காமலிருக்க உன் ஐலெட்டுகளை அதன் மேல் குவித்தேன். காலையில் அவர் கேரியரை எடுக்க வரும்போது எதிரில் நின்று இரண்டாவது தடவையும் சொல்வேன்.

ஜெயித்துவிட்டால், இவற்றை யார் கையில் திருப்பிக் கொட்டுவேன்?