குடிபாலாவில் யாரையும் கேட்கவில்லை

உன் அம்மா என்னிடம் கொடுத்து வைத்திருக்கும் உன் போனுக்கு இன்று காலை ஒரு செய்தி வந்தது. நீ கடைசியாகப் படுத்திருந்த ஆஸ்பத்திரி, தன் சேவைக்கு எத்தனை நட்சத்திரம் தருவாய் என்று உன்னைக் கேட்கிறது. பிழைத்து வீடு போனவர்கள் பதில் போடுவார்கள், உன்னைப்போல் அங்கேயே இறந்தவர்கள் போட மாட்டார்கள். சராசரி பிரமாதமாக வரும். எனக்கு அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது.

திருப்பதியில் நாம் சேர்ந்து வேலை பார்த்த சர்வே கம்பெனியில் உனக்கும் இப்படித்தான் ஒருநாள் பற்றிக்கொண்டு வந்தது. குடிபாலா பக்கத்தில் உன் ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குச் சாயங்கால டாக்டர் இனியும் தேவையா என்று போனில் லிங்க் அனுப்பிக் கேட்டிருந்தார்கள். தேவையில்லை என்றே பதில் வந்தது. பதில் போட்டவர்களில் பெரும்பாலோர் பெங்களூருக்கும் சென்னைக்கும் வேலைக்குப் போய்விட்ட பிள்ளைகள். பெரியவர்கள் மிகக் குறைவு.

"பர்லேதம்மா, பரவாயில்ல, வந்த பெரியவங்களுக்கு வெயிட் ஏத்து, சரியாயிடும்" என்றார் மேனேஜர். பதில் சொன்ன ஒருவரையே சொல்லாத பலருக்கும் சேர்த்து எண்ணுவதுதான் அந்த வெயிட்.

"அந்தப் பெரியவங்க சித்தூர் டவுன்ல கார் வச்சிக்கினு கீறவங்க, சார். எத்தினி மடங்கு பெருக்குனாலும் எங்க ஊர்ல களை எடுக்கிறவங்க ஆயிடுவாங்களா?" என்று கேட்டாய்.

அந்த ஞாயிற்றுக்கிழமை உன் ஸ்கூட்டரில் போனோம். லிங்க் வந்தும் தொடாதவர்களையும், லிங்கே போய்ச் சேராதவர்களையும் தனித்தனியாகத் தேடினாய். இரண்டும் வேறு வேறு ஓட்டை, ஒரே ஒட்டுப் போட்டு அடைக்க முடியாது என்றாய். வயலிலிருந்து வந்த ஒரு அம்மாள் நம்மைப் பார்த்துச் சிரித்தாள்.

"போனா? புள்ள நெம்பருதாம்மா குட்துகீறோம். அவன் பெங்களூர்ல கீறான். நான் கூலி முடிச்சினு வர்றப்போ டாக்டர் இல்லன்னா எங்க போறது?"

வாசலுக்கு வாசல் அதையே சொன்னார்கள். அவர்களையும் சேர்த்து நீ கணக்கைத் திருத்தியபோது முடிவு தலைகீழாக மாறியது. மேனேஜர் படிக்கவே இல்லை. அறிக்கை மறுநாளே போகவேண்டுமாம். "கடைசிப் பக்கத்துல, சில குறைபாடுகள் உண்டுன்னு ஒரு வரி போட்டுக்கோ" என்றார். ஒரு வரியில் ஒரு ஊரையே புதைக்கப் பார்த்தார். உன் பெயரை எடுத்துவிடச் சொல்லிவிட்டு வெளியே வந்தாய். நானும் வந்தேன்.

சாயங்கால டாக்டரை நிறுத்தினார்கள். ஒரு சாயங்காலம் உன் அம்மா நெஞ்சு வலியோடு வேலூருக்கு ஆட்டோவில் போனாள். பிழைத்தது அதிர்ஷ்டம். பிறகு சுகாதார நிலையத்துக்கு நியாயம் கேட்கப் போனவளிடம், "ஜனங்களே வேணாம்னுட்டாங்களே" என்றார்களாம்.

உன் கோபத்தை நான் ஆறவிடவில்லை. போன வாரம் நான் இப்போது பார்க்கும் சர்வேக்கு நகரியில் பவர்லூம் வீடுகளிலிருந்து ஒரு பதிலும் இல்லை. அக்கறை இல்லாதவர்கள் என்றான் என்னோடு வேலை செய்பவன். அவனைத் திட்டிவிட்டு நேரில் போனேன். தறிச் சத்தத்தில் போன் அடித்ததே தெரியாது என்றார்கள். அவர்களிடம் கேட்க வேண்டிய கேள்விகளோடு, தறி நிற்கும்வரை வாசலில் உட்கார்ந்திருந்தேன்.