கீழே விழுந்த ‘மி’

என்னங்க,

முதலில் நல்ல செய்தி. உங்கள் ‘மி’ மேலே ஏறிவிட்டது. இந்தக் கல்லறைத் திருநாளில் உங்கள் பேர் சிலுவையில் ஒரே வரியில் நிற்கிறது. அப்பாடா!

போன வருடம் கல்லறைக்குச் சுண்ணாம்பு அடித்ததும், பேர் எழுத ஆள் கூப்பிடலாம் என்றாள் உங்கள் தங்கை ரோசி. நான்தான் பிடிவாதமாகத் தூரிகையைப் பிடித்தேன். காலமெல்லாம் ‘என்னங்க’ என்றே கூப்பிட்டவள், வாயால் சொல்லாத பேரைக் கையாலாவது எழுதலாமே என்று ஆசை. முதல் எழுத்தைப் பெரிதாகப் போட்டுவிட்டேன். சிலுவையின் கை முடிந்துவிட்டது. மேலே ‘ஆரோக்கியசா’, கீழே தனியாக ‘மி’.

ரோசி அலறினாள். “என்ன அண்ணி, ஆரோக்கியமா சாவுன்னு எழுதி வெச்சிருக்கீங்க!”

நீங்கள் இருந்தால் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்திருப்பீர்கள். நான் வீட்டுக்கு வந்து அழுதேன். அழித்தால் இன்னும் அசிங்கமாகும் என்று விட்டுவிட்டதில், ஒரு வருடம் அப்படியே கிடந்தீர்கள். கோபமா?

அன்றிலிருந்து காலண்டர் தாள்களின் பின்பக்கம் தினமும் எழுதினேன். முதலில் மகளின் கல்யாணப் பத்திரிகை எழுத்தைப் பார்த்து எழுதினேன். நேராகத்தான் வந்தது, ஆனால் ரேஷன் கார்டு போட்டோ மாதிரி விறைப்பாக இருந்தீர்கள். பிறகு கொல்லைச் சுவருக்கு மாறினேன். நடுவிலுள்ள ‘கி’யில் தொடங்கி இரண்டு பக்கமும் போனால் இடம் பற்றும் என்பது அங்கேதான் பிடிபட்டது. வயலிலிருந்து வரும்போது உங்கள் தோளில் துண்டு கிடக்குமே, அதுபோல ‘கி’, ‘மி’ இரண்டின் கொக்கியையும் சரித்துவிட்டேன். எதையும் பார்த்து எழுதவில்லை, கை தானாகப் போனது.

“சுவரு பூரா அண்ணன் பேரு. எலெக்‌ஷன்ல நிக்கிறாரா அண்ணி?” என்றாள் ரோசி.

திருநாளுக்கு முதல் நாள் விட்டுவிட்டு மழை. சம்பாவுக்கு நல்லது, பெயின்டுக்கு ஆகாது. பழைய எழுத்தை முந்தின வாரமே சுண்ணாம்பு அடித்து மறைத்திருந்தோம். ரோசி குடை பிடிக்க, திருக்காட்டுப்பள்ளியில் வாங்கின கறுப்பு பெயின்டில் எழுதினேன். ‘மி’ போட்ட பிறகும் இரண்டு விரற்கடை இடம் மிச்சம்!

“சரியா இருக்கா ரோசி?”

“நீங்களே படிச்சுப் பாருங்க அண்ணி.”

கல்யாணத்தன்று பீடத்தின் முன் வாக்குறுதி சொன்னபோது ஒரே ஒரு முறை உங்கள் பேரைச் சொன்னேன். பக்கத்தில் நின்ற சாமியாருக்கே அது கேட்கவில்லை. இப்போது ஏழு எழுத்தையும் வாய்விட்டுப் படித்தேன். அடுத்த கல்லறைக்குச் சுண்ணாம்பு அடித்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். பார்க்கட்டுமே. உங்களுக்குக் கேட்டதா?

மழையில் மங்கினால் மறுபடி நானே எழுதுவேன், எழுதியதும் படிப்பேன். என் கைக்குத் தெம்பிருக்கும்வரை அந்தத் தூரிகையை வேறு யாரிடமும் தரமாட்டேன்.

இப்படிக்கு,
ஆரோக்கியசாமியின் மனைவி
செசிலி