‘கலி’க்குக் கீழே என் கையெழுத்து

நவம்பர் 11, செவ்வாய்.

குழந்தைகள் படிக்கிற ஆப் ஒன்றுக்கு ‘கலி’ என்று பெயர் வைக்கப்போகிறார்கள். அந்தச் சொல்லுக்கு மற்ற மொழிகளில் என்ன அர்த்தம் என்று பார்த்துச் சொல்வது எங்கள் ஆபீஸின் வேலை. இரண்டு வாரம் தேடினேன். ஸ்வாஹிலியில் கூர்மை, ஜார்ஜியனில் பெண், இந்தியில் மொட்டு, கன்னடத்தில் ‘கற்றுக்கொள்’. தமிழில்தான் கேடு. அதையும் மறைக்காமல் எழுதினேன்.

ஒவ்வொரு வரிக்கும் அந்த மொழிக்காரர் கையெழுத்துப் போட வேண்டும். கன்னடத்துக்கு நான் போட்டதை மேனேஜர் வசந்தி அடித்துவிட்டார்.

“ஃபார்ம்ல மதர் டங் தமிழ்னு போட்டிருக்கீங்களே. ரோஹித் போடட்டும்.”

ரோஹித்துக்குக் குடும்பப் பெயர் மட்டும்தான் கன்னடம். வளர்ந்தது டெல்லியில். நான்கு தலைமுறையாகப் பெங்களூர் மல்லேஸ்வரத்தில் இருக்கிற என்னிடமே வந்து அந்த வரியைப் படித்துக்காட்டச் சொன்னான். படித்தேன். இங்கிலீஷில் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனான்.

தமிழாவது எனக்கு இருக்கிறதே என்று நினைத்தேன். சாயங்காலம் சென்னை ஆபீஸிலிருந்து போன்.

“தப்பா நினைக்காதீங்க மேடம். உங்களோடது பெங்களூர் தமிழ். இங்க இருக்கறவங்க யாராவது போட்டாதான் கிளையன்ட் ஒத்துப்பாங்க.”

கிளம்பும்போது வசந்தி கூப்பிட்டார். ஜார்ஜியனுக்கு ஆள் கிடைக்கவில்லையாம்.

“நீங்களே போட்டுடுங்க. யார் கேக்கப்போறாங்க?”

போட்டுவிட்டு வந்தேன்.