மூத்தவர் படித்த அறை

மார்ச் 4, புதன்

நேற்று தேர்தல் முடிவு. இன்று காலை நான் போவதற்குள் தச்சர் கூடத்தில் வேலையை முடித்திருந்தார். மீசைக்காரரின் சிலை மாடிப்படிக்குக் கீழே, துடைப்பங்களோடு. மூத்தவரின் சிலை வாசலுக்கு நேரே, விளக்கு வெளிச்சத்தில். ஜெயித்த கட்சியின் தலைவர் முன்னால், தோற்றவர் படிக்கு அடியில். 'தேசியத் தலைவர்கள் அருங்காட்சியகம் மற்றும் நூலகம்' ஒழுங்காகக் கடைப்பிடிக்கும் சட்டம் இது ஒன்றுதான். அதையும் எவரும் எழுதி வைக்கவில்லை.

"இந்தத் தடவை சக்கரத்துக்கு முன்னாடியே எண்ணெய் போட்டுட்டேன் மேடம். காத்து எந்தப் பக்கம் அடிக்குதுன்னு தெரிஞ்சுபோச்சு," என்றார் தச்சர்.

மார்ச் 9

இயக்குநர் கூப்பிட்டார். நாங்கள் அவருக்கு வைத்த பெயர் ரிப்பன். வெட்டுவதற்கு ஏதாவது இல்லாவிட்டால் மனுஷனுக்குத் தூக்கம் வராது. ஆண்டு விழா மலருக்கு இந்த நிறுவனத்தின் வரலாற்றை நூலகர் என்ற முறையில் நான் எழுத வேண்டுமாம். "எல்லாரும் சந்தோஷப்படற மாதிரி எழுதுங்க."

எழுதினேன். மூத்தவர் இந்த வீட்டில் வாழ்ந்தார், போய்ச் சேர்ந்தார். பிள்ளைகள் விற்கப் பார்த்தார்கள், விலை படியவில்லை, நாட்டுக்குத் தானம் செய்துவிட்டார்கள். நினைவில்லம் ஆனது. அடுத்து மீசைக்காரர் ஆட்சி. இடித்தால் ஊர் ஏசும், விட்டால் வயிறு எரியும். ஆகவே ஓர் அறையைப் பிடுங்கி நூலகம் என்றார். அதற்கடுத்து வந்தவர்கள் 'தேசிய' சேர்த்தார்கள். மீசைக்காரரும் செத்ததும் அவர் சிலையும் உள்ளே வந்தது, தலைவர் 'தலைவர்கள்' ஆனார். ஆட்சிக்கு ஒரு சொல்லாகப் பெயர்ப்பலகை நீண்டதே தவிர, புதுப் புத்தகம் வாங்க ஒருத்தருக்கும் மனசு வரவில்லை.

என் வீட்டுக்காரர் படித்துவிட்டுச் சொன்னார்: "இதைக் கொடுத்தா உன்னையும் படிக்குக் கீழ தள்ளிடுவாங்க."

மார்ச் 10

கிழித்துப் போட்டேன். 'நாட்டின் நன்றியில் மலர்ந்த நிறுவனம்' என்று வேறொன்று எழுதிக் கொடுத்தேன். ரிப்பனுக்குக் கண் கலங்கிவிட்டது.

மார்ச் 17, செவ்வாய்

செவ்வாய் என்றால் தையல்காரம்மா வருவார். அன்று அவர் கடைக்கு விடுமுறை. கேட்பது எப்போதும் ஒன்றுதான் — மூத்தவர் ஆட்சியின் கடைசி வருஷத்துச் செய்தித்தாள் தொகுதி. துறைமுக வேலைநிறுத்த ஊர்வலத்துக்குப் போன அவருடைய அண்ணன் திரும்பவில்லை. அன்றைக்குத் துப்பாக்கிச் சூடு. கேட்கப் போன அப்பாவிடம் போலீஸில், ஊரைவிட்டு ஓடிப்போனான் என்று சொல்லி அனுப்பினார்களாம்.

"செருப்பு வாசல்ல கெடந்துச்சு மேடம். வெறுங்காலோட ஊரை விட்டு ஓடுவாங்களா?"

வரிக்குக் கீழே விரல் வைத்து, மெதுவாகப் படிக்கிறார். நான் தேடித் தருகிறேன் என்றேன். "வேணாம். நீங்க பேரை மட்டும் தேடுவீங்க. அப்ப என்னல்லாம் நடந்துச்சுன்னு எனக்குத் தெரியணும்." சரிதான்.

இந்தக் கட்டடத்தில் உருப்படியாக நடக்கிற ஒரே காரியம் அந்த மேசையில் நடக்கிறது.

ஏப்ரல் 2

படிக்கும் அறையைக் காலி செய்யப் போகிறார்களாம், ரிப்பன் சொன்னார். இப்போது ஆட்சிக்கு வந்திருக்கிற தலைவருக்கு அங்கே ஒரு கூடம், கை குலுக்குகிற மாதிரி ஒரு மெழுகுச் சிலை!

"அவர் உயிரோடதானே சார் இருக்காரு?"

"அதனாலதான் மேடம். இப்ப செஞ்சு வெச்சா அவரே வந்து பாப்பாரு."

எனக்கு எங்கிருந்து வந்ததோ தெரியவில்லை. "இந்த அறையிலதான் சார் மூத்தவர் தினமும் விடியக்காலைல உக்காந்து படிப்பார்," என்று போட்டேன் ஒரு போடு. மூத்தவராவது, படிப்பதாவது. சீட்டாடிய அறை அது. மேசைக்கு மேல் ஒட்டியிருந்த பச்சைத் துணி இன்னும் ஓரத்தில் பிய்ந்து தொங்குகிறது.

ரிப்பன் முகம் வெளுத்துப்போனது. ஜெயித்திருப்பது மூத்தவரின் கட்சி ஆயிற்றே. "இதை ஏன் முன்னாடியே சொல்லல? அந்த அறையை யாரும் தொடக் கூடாது."

இரவு நன்றாகச் சாப்பிட்டேன்.

ஏப்ரல் 3

ரிப்பன் இன்று அந்த அறைக்குள் காலடிச் சத்தம் கேட்காமல் நடந்தார். சிரிப்பை அடக்கி விலா வலிக்கிறது.

ஏப்ரல் 20

பாவிங்க. வாசலுக்குக் குறுக்கே சிவப்புக் கயிறு. 'மூத்தவர் படித்த அறை. உள்ளே வரக் கூடாது.' புத்தகம், செய்தித்தாள் எல்லாம் சாக்கில் கட்டிக் கிடங்குக்குப் போய்விட்டது. என் நாற்காலி, பழைய திரைச்சீலையில் நானே தைத்த மெத்தையோடு உள்ளே இருக்கிறது. 'மூத்தவர் அமர்ந்தது' என்று அட்டை வேறு.

"படிக்கிற அறையைக் காப்பாத்தத்தானே சார் சொன்னேன்?"

"காப்பாத்திட்டோமே மேடம். இனி ஒருத்தர் கையும் படாது."

யாரைச் சொல்லி என்ன? என் வாய்தானே. எனக்கு ஏன் இந்த வேலை? நாளைக்குச் செவ்வாய்.

ஏப்ரல் 21

தையல்காரம்மா கயிற்றுக்கு வெளியே நின்று அட்டையைப் படித்தார். முழுசாகப் படித்தார்.

"இவரா? படிச்சாரா?"

நான்தான் அப்படிச் சொன்னேன் என்று சொன்னேன். திட்டுவார் என்று நின்றேன். திட்டியிருக்கலாம். "படிச்சு விட்ட எடத்துல ஒரு நீலத் துணி வெச்சிருக்கேன் மேடம். அது அதுலயே இருக்கட்டும்," என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

ஏப்ரல் 27

மேசை வெறிச்சென்று இருக்கிறதாம். ரிப்பன் சொன்னார்: "அவர் படிக்கற மாதிரி எதையாவது தெறந்து வைங்க. பழசா, மஞ்சளா இருக்கணும். என்ன எழுதியிருக்குன்னு எவன் பாக்கப்போறான்?"

அவர் வாயாலேயே சொல்லிவிட்டார். தச்சரையும் கூட்டிக்கொண்டு கிடங்குக்குப் போனேன். தும்மித் தும்மிச் சாக்குகளை அவிழ்த்தோம். நீலத் துணி கிடைத்தது.

மேசையைக் கயிற்றை ஒட்டி இழுத்துப் போட்டார் தச்சர். அங்கேதான் வெளிச்சம் நன்றாக இருக்கிறது என்று ரிப்பனிடம் சொல்லியாயிற்று.

மே 12, செவ்வாய்

அமைச்சர் வந்தார். ரிப்பன் வெட்டினார்கள். அமைச்சர் மேசைக்கு முன் தலை குனிந்து நிற்க, படம் எடுத்தார்கள். அவர் மூக்குக்கு நேர் கீழே வேலைநிறுத்தச் செய்தி, எட்டுப் பத்தி. ஓர் எழுத்துகூட அவர் கண்ணில் படவில்லை. நல்ல கண்.

அவர்கள் போனபிறகு, நான் சொல்லி அனுப்பியிருந்தபடி தையல்காரம்மா வந்தார். கயிற்றின்மேல் குனிந்து, காற்றில் விரலை ஓட்டிப் படித்தார். முடித்ததும் என்னைப் பார்த்தார். தூசி தட்ட உள்ளே போக எனக்கு அனுமதி உண்டு. போய்ப் பக்கத்தைத் திருப்பினேன்.

மே 26

"பக்கம் மாறிட்டே இருக்கே மேடம்?"

"தூசி சார்."

ஜூன் 9, செவ்வாய்

இன்று அவர் விரல் நின்றது. அடியில், கடைசிப் பத்தியில், பொடி எழுத்தில் — சுடப்பட்டவர்கள். கயிற்றைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு, உதட்டை அசைத்து அந்தப் பெயரைப் படித்தார். நான் நாற்காலியைக் கொண்டுவந்தேன். மூத்தவர் அமர்ந்ததை. உட்கார்ந்தார். அழுதார்.

கொஞ்ச நேரம் கழித்து, பக்கத்தைத் திருப்பட்டுமா என்று கேட்டேன்.

"வேணாம் மேடம். இதையே தெறந்து வைங்க. எல்லாரும் வந்து பாக்கற எடம்தானே."

தூசி மட்டும் தட்டினேன்.